படத்தின் பின்பக்கம்

1997-ல் முதன்முதலாகக் கோலாலம்பூருக்குக் கிளம்பியபோது என் கைப்பையில் துணிமணியைவிட ஃபிலிம் ரோல்கள்தான் அதிகம். 36 படம் பிடிக்கிற 400 ஏஎஸ்ஏ கலர் ரோல்கள், மொத்தம் 40. மீனம்பாக்கத்தில் பையை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் தள்ளச் சொன்னார்கள். கதிர் திரும்பத் திரும்பப் பட்டால் ரோலில் புகை ஏறிவிடும் என்று எங்களுக்கெல்லாம் ஒரு பயம் உண்டு. “ஒவ்வொண்ணாத் திறந்து காட்டறேன் சார், கையாலயே பார்த்துக்கங்க” என்று கேட்டுக்கொண்டேன். அந்த அதிகாரி 40 டப்பாக்களையும் பொறுமையாகத் திறந்து மூடினார். கடைசி டப்பாவைத் தரும்போது, “யார் யார் வர்றாங்க?” என்று கேட்டார். நட்சத்திரங்களின் பெயர்களைச் சொன்னேன். முகம் மலர்ந்துபோய் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நான் சினிமாப் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவன். வடபழனியில் வீடு. கோடம்பாக்கத்தில் எங்கள் தொழில்காரர்களுக்குத் தொழிலே முன்னெழுத்தாகிவிடும். பெயருக்கு முன்னால் ‘ஸ்டில்ஸ்’ வந்து ஒட்டிக்கொள்ளும். நட்சத்திரக் கலைவிழா, விருது விழா, திரைப்பட விழா என்று கோலாலம்பூர், சிங்கப்பூர், துபாய், ஹாங்காங், பூசான் வரை போய் வந்திருக்கிறேன். அந்த ஊர்களைச் சுற்றிப் பார்த்தேனா என்று கேட்டால் பெரும்பாலும் விமான நிலையம், விடுதி, அரங்கம், மறுபடி விமான நிலையம்தான். ஆனால் எந்த ஊர் அரங்கத்தில் மேடை விளக்கு எந்த நிறத்தில் விழும், பின்வாசல் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

அந்த முதல் விழா ஒரு சனிக்கிழமை இரவு. பத்திரிகை அச்சுக்குப் போவது திங்கட்கிழமை. நான் திரும்புவதோ புதன்கிழமை. அப்போது இதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஞாயிறு காலை சுபாங் விமான நிலையத்துக்குப் போய், சென்னை விமானத்துக்கு நிற்கும் வரிசையில் நம்பிக்கையான முகமாகப் பார்த்துப் பேச வேண்டும். இன்று அப்படி யாரும் கேட்கவும் முடியாது, வாங்கவும் கூடாது. அன்று கிள்ளானிலிருந்து திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா என் பையை வாங்கிக்கொண்டார். மீனம்பாக்கத்தில் பத்திரிகை அலுவலகத்துப் பையன் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பான் என்று சொன்னேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, “பத்திரிகையில என் பேரு வருமா தம்பி?” என்று கேட்டார். ஆசிரியரிடம் சொல்கிறேன் என்றேன். ரோல்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, கழுவி, நடுப்பக்கம் முழுக்க வண்ணப் படங்கள் வந்தன. அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டு வாங்கவே இல்லை.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விருது மேடையில் படம் எடுப்பது பார்க்கிறவர்களுக்கு எளிதாகத் தெரியும். நட்சத்திரம் நிற்கிறார், நாம் பொத்தானை அழுத்துகிறோம். உண்மையில் மேடையில் ஒருவர் விருது வாங்கி, சிரித்து, கைகுலுக்கி இறங்க 20 நொடி ஆகும். அதில் முகமும் கேடயமும் தருகிறவரும் ஒன்றாக, யார் முதுகும் மறைக்காமல் தெரிவது ஒரு நொடி. வெள்ளை வேட்டி சட்டையில் வருகிறவர் என்றால் கேமராவின் ஒளிமானி ஏமாந்துவிடும். வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டு, நம் ஊர் மாநிற முகத்தைக் கரியாக்கிவிடும். அதனால் ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். அடுத்ததாகச் சம்கி வைத்த புடவையில் நடிகை வந்தால் ஃபிளாஷைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் புடவை மட்டும் எரியும். எல்ஈடி விளக்குகள் வந்த பிறகு இன்னொரு தொல்லை. நீல ஒளி விழுந்தால் கறுப்பு முகம் ஊதாவாகிறது. கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம் என்பார்கள். எவ்வளவு சரிசெய்தாலும் அந்த முகத்தின் சொந்த நிறம் திரும்ப வருவதில்லை. நம் முகங்களுக்கு மேடை விளக்கு போடத் தெரிந்த ஒளியமைப்பாளர்களை நான் கைகூப்பி வணங்குவேன். அவர்கள் குறைவு.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

2001-ல் தென்கிழக்காசிய நகரம் ஒன்றில் ஒரு விழா. நிகழ்ச்சிநிரலில் நடிகர் நடிகையர் விருதுகளுக்கு நடுவே தொழில்நுட்ப விருதுகளை மொத்தமாகப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவதாக ஏற்பாடு. ஒப்பனைக்கான விருதுக்கு ஒரு பெரியவரை அழைத்தார்கள். நாற்பது ஆண்டுகளாக ஒப்பனை அறையில் இருந்தவர். அவர் மேடைப் படி ஏறிக்கொண்டிருந்தபோது, விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் எங்கள் தடுப்புக்குள் குனிந்து, “ஹீரோ கார் பின்பக்கம் வந்துடுச்சு” என்றார். தடுப்பே காலியாகிவிட்டது. 12 பேர் ஓடினோம். நானும் ஓடினேன். காரிலிருந்து இறங்கியவரின் படம் அடுத்த வாரம் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே கோணத்தில் வந்தது.

2012-ல் ஒரு தொலைபேசி. அந்த ஒப்பனைக் கலைஞரின் மகள். அப்பா காலமாகிப் பத்து நாள் ஆகிறது என்றார். “சார், அப்பா வாங்கின ஒரே விருது அது. அந்தக் கேடயம் வீட்ல இருக்கு. வாங்கற மாதிரி ஒரு போட்டோ இல்ல. நீங்க அந்த விழாவுக்குப் போயிருந்தீங்கன்னு சொன்னாங்க. படத்துக்கு மாலை போட்டு வைக்க, நல்லதா ஒண்ணு வேணும் சார்.”

என்னிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தேடிப் பார்க்கிறேன் என்றேன். மூன்று இரவுகள் நெகட்டிவ் கீற்றுகளை விளக்குப் பலகையில் பரப்பி, பெரிதாக்கும் கண்ணாடியைக் கண்ணோடு வைத்துப் பார்த்தேன். அந்த விழாவில் மட்டும் 22 ரோல்கள் எடுத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு ஒரே ஒரு ஃபிரேம் கிடைத்தது. விழா தொடங்குவதற்கு முன் ஒப்பனை அறையில் கதாநாயகி கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவரைத்தான் எடுத்திருக்கிறேன். கண்ணாடியின் இடது ஓரத்தில் ஒரு கை. ஈரப் பஞ்சைப் பிடித்திருக்கும் விதத்தில் கட்டைவிரலின் ஓரம் பேன்கேக் அப்பி வெளுத்திருக்கிறது. மோதிர விரலில் பச்சைக்கல் மோதிரம். கைக்கு மேலே பாதி முகம், அதுவும் குவியம் தப்பி மங்கலாக. நாக்கின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி, 8-க்கு 10 அளவில் அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் தெளிவாக இல்லையே என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மகள் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “கை தெரியுதே சார்” என்றார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த விழாவானாலும் தொழில்நுட்பக் கலைஞர்களின் விருதுகள் முடியும்வரை இடத்தை விட்டு அசைய மாட்டேன். பின்வாசலில் யார் வந்து இறங்கினாலும் சரி. படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர், சண்டைப் பயிற்சியாளர், கலை இயக்குநர், உடை வடிவமைப்பாளர், ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஆறு படங்கள். இறங்கி வரும்போது ஓடிப்போய் முழுப்பெயரும் ஊரும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன். பத்திரிகைகளில் இவை அநேகமாக வருவதில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அட்டைப்படம் விற்க வேண்டும். என் பீரோவில் இருக்கின்றன. யார் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தாலும் இப்போது என்னால் எடுத்துக் கொடுக்க முடியும்.

பூசானுக்குப் போனபோதுதான் வேறு மாதிரியும் இது நடக்க முடியும் என்று பார்த்தேன். தென்கொரியாவின் அந்தத் துறைமுக நகரத்தில் 1996-ல் தொடங்கிய திரைப்பட விழா அது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நடக்கிறது. சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. நான் ஹாங்காங்கில் மாறிப் போனேன். ஆரம்ப ஆண்டுகளில் பழைய நகரத்தின் நாம்போதோங் பகுதித் திரையரங்குகளில்தான் விழா. 2011-ல் புதிய சினிமா மையம் திறந்தார்கள். அதன் கூரையைப் பார்த்துக் கேமராவை எடுக்கவே மறந்து நின்றேன். ஒரு முனையில் மட்டும் தாங்கி, 85 மீட்டருக்கு அந்தரத்தில் நீண்டு நிற்கிறது. அடிப்பாகம் முழுக்க எல்ஈடி விளக்குகள் நிறம் மாறி அலையடிக்கும். அந்த மையத்தின் திறந்தவெளி அரங்கில் சுமார் 4,000 பேர் உட்கார்ந்து தொடக்க விழாவைப் பார்க்கிறார்கள்.

கொரியப் புகைப்படக்காரர்கள் ஆளுக்கொரு சிறிய அலுமினிய மடக்கு ஏணியோடு வருவார்கள். தரையில் அவரவர் இடத்தை டேப் ஒட்டிப் பெயர் எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். திரும்பி வரும்வரை அந்த இடத்தில் யாரும் கால் வைப்பதில்லை. என்னிடம் ஏணி இல்லை என்று பார்த்த ஓர் இளைஞர் தன் ஏணியின் கீழ்ப்படியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுமில்லை. ஒரே ஏணியில் மேல்படியில் அவர், கீழ்ப்படியில் நான், இரண்டு மணி நேரம். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ரசிகைகளிடம் எங்களைவிடப் பெரிய லென்ஸ்கள். 400 மில்லிமீட்டர் லென்ஸைத் தோளில் சாய்த்து, அவர்களுக்கும் தனி ஏணி. தங்கள் நட்சத்திரத்தை ஊர் ஊராகத் தொடர்ந்து படம் எடுப்பதையே வாழ்க்கையாக வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி எடுத்த படத்தைப் பின்திரையில் காட்டினாள். என் படத்தைவிட நன்றாக இருந்தது. அன்பு அதிகம், அதனால் பொறுமையும் அதிகம்.

அதைவிட முக்கியமானது அரங்கத்துக்குள் நடந்தது. படம் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. பெயர்ப் பட்டியல் முழுவதும் ஓடி முடிந்து விளக்கு எரிந்த பிறகுதான் கைதட்டினார்கள். பிறகு இயக்குநரோடு கேள்வி பதில். கல்லூரி மாணவியைப் போலிருந்த ஒரு பெண், கிராமத்து இரவில் கேட்ட தவளைச் சத்தம் அந்த இடத்திலேயே பதிவு செய்ததா, பிறகு சேர்த்ததா, சேர்த்தவர் பெயர் என்ன என்று கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைச் சொன்னதும் இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒலி வடிவமைப்பாளரின் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் செய்வதையே.

அந்த விழாவுக்கு ஆசியப் படங்களைத் தொடக்கத்திலிருந்தே தேடித் தேடிச் சேர்த்தவர் கிம் ஜிசோக். மேடையில் நிற்கும் மனிதர் அல்லர், படங்களைத் தேர்ந்தெடுக்கிறவர். 2017-ல் கான் விழாவுக்குப் போன இடத்தில் காலமானார். அதே ஆண்டிலிருந்து அவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். 2023-ல் அந்த விருதைப் பெற்ற படங்களில் ஒன்று இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’. அதன் படத்தொகுப்பாளர் நம் ஶ்ரீகர் பிரசாத். செய்தி வந்த அன்று அவர் பெயரைத் தேடி நான் எட்டுப் பத்து இடங்களில் படித்தேன். இரண்டு இடத்தில்தான் இருந்தது.

2018-ஆம் ஆண்டு எனக்கு மறக்காது. ஜனவரி 6 அன்று நடிகர் சங்கத்தின் கட்டட நிதிக்காகக் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நட்சத்திர விழா. ரஜினி, கமல் இருவரும் வந்திருந்தார்கள். 1998 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டிய அரங்கம் அது. உச்சி வரிசையிலிருந்து பார்த்தால் மேடையில் நிற்கும் ஆள் கட்டைவிரல் நகம் அளவுதான். நான் அன்று கொஞ்ச நேரம் மேடைக்கு முதுகு காட்டி மேல் வரிசைகளுக்கு ஏறிப் போனேன். சுங்கை சிப்புட்டிலிருந்து பேருந்தில் வந்திருந்த ஒரு குடும்பம். மூன்று தலைமுறை. பாட்டி மடியில் தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு. “இங்கேருந்து என்னம்மா தெரியுது?” என்று கேட்டேன். “திரையில தெரியுது தம்பி. ஆனா அவரும் இதே காத்துல நிக்கிறாரு பாரு” என்றார். அவரைத்தான் அன்று முதலில் எடுத்தேன். பெயரும் எழுதிக்கொண்டேன்.

ஏப்ரலில் ஹாங்காங் திரைப்பட விருது விழா. 1982-லிருந்து நடப்பது. நான் அந்த ஆண்டு போகவில்லை, அங்கிருக்கும் நண்பர் காட்சியை அனுப்பினார். அந்த மேடையில், படப்பிடிப்புத் தளங்களில் பல பத்தாண்டுகளாகத் தேநீர் கொடுத்து வந்த ஒரு பெண்மணிக்குத் தொழில் அர்ப்பணிப்புக்கான விருது கொடுத்தார்கள். லின் அக்கா என்றுதான் எல்லோரும் அழைப்பார்களாம். ஹாங்காங் சினிமாவின் பெரிய பெரிய நட்சத்திரங்கள் அவருக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. நம் தளங்களில் புரொடக்‌ஷன் பையன்கள் என்று அழைக்கிறோமே, ஐம்பது வயதானாலும் ‘பையன்’ என்றே, அவர்களை நினைத்துக்கொண்டேன். யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்கு இஞ்சி வேண்டும் என்று ஒரு யூனிட் முழுவதற்கும் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்.

அது நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மே 3 அன்று டெல்லியில் தேசிய விருது விழா. குடியரசுத் தலைவர் 11 விருதுகளை மட்டும் தம் கையால் தருவார், மற்றவற்றை அமைச்சர்கள் தருவார்கள் என்று முந்தின நாள்தான் தெரியவந்தது. விருது பெற வேண்டியவர்களில் 50-க்கும் மேற்பட்டவர்கள் விழாவுக்குப் போகவில்லை. அவர்கள் கேட்டதில் பேராசை எதுவும் இல்லை. வாழ்நாளில் ஒருமுறை எடுக்கப்போகும் அந்தப் புகைப்படத்தில் யார் பக்கத்தில் நிற்பது என்பது அவர்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று, மாலை போட ஒரு படம் தேடி அலைந்த வீட்டைப் பார்த்தவனுக்குப் புரியும். இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. 2022-ல் ஆஸ்கரிலேயே படத்தொகுப்பு, ஒலி, ஒப்பனை உட்பட 8 விருதுகளை நேரடி ஒளிபரப்பு தொடங்குமுன் கொடுத்து முடித்துவிட்டார்கள். எதிர்ப்பு பலமாக எழுந்தது. மறு ஆண்டு எல்லாவற்றையும் நேரலைக்குள் கொண்டுவந்தார்கள். கேட்டால் நடக்கிறது.

பழைய கதைகளிலும் இந்த மறதி உண்டு. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் விருது பெற்றதை எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார். அதே விழாவில் அதே படத்துக்கு இசைக்கான விருதை ஜி. ராமநாதன் பெற்றார் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? 1970-ல் ஒசாகா பொருட்காட்சியில் எம்.ஜி.ஆர். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ எடுத்ததைப் பார்த்துத்தான் என் தலைமுறை ஜப்பானைப் பார்த்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ரிஃப்ளெக்டர் பிடித்து நின்றவர் யார் என்று பல பெரியவர்களிடம் கேட்டுவிட்டேன். இன்னும் விடை கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். பிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-ல் ‘நாடோடி மன்னன்’ படத்திலிருந்து மக்கள் தொடர்பாளராக இருந்தவர். கேமராவோடு இந்தத் துறைக்குள் வந்தவர். எந்தப் படம், யார் படத்தொகுப்பு, எந்த ஆண்டு என்று எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்வார். தனி மனிதராக அவர் சேர்த்து வைத்தது ஒரு நிறுவனம் செய்திருக்க வேண்டிய வேலை. 2016 மார்ச்சில் காலமானார். அவருக்குப் பிறகு, அப்படி ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி அடைபட்டுவிட்டது.

இப்போது விழாக்களுக்கு வரும் இளைஞர்கள் ஒரே இரவில் 3,000 படங்கள் எடுக்கிறார்கள். அடுத்த நிமிடமே அனுப்பியும் விடுகிறார்கள். திறமையில் என்னைவிட ஒரு படி மேலே இருப்பவர்கள் பலர். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். தொழில்நுட்ப விருது நடக்கும் அந்தப் பத்து நிமிடம் இடத்தை விட்டுப் போகாதீர்கள். எடுத்த படத்தின் கோப்புக்கு அந்த மனிதரின் பெயரை வையுங்கள். கேமரா கொடுத்த எண்ணோடு விட்டால் அது யாருக்கும் எப்போதும் கிடைக்காது.

என் பீரோவில் இன்னும் 31 படங்கள் பெயர் தெரியாமல் இருக்கின்றன. தளத்தில் டிராலி தள்ளுகிறவர், மழைக் காட்சிக்குக் குழாய் பிடிக்கிறவர், சிங்கப்பூர் விடுதி வாசலில் உடைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து தூங்கிப்போனவர். பழைய யூனிட் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் காட்டிக் கேட்கிறேன். சென்ற மாதம் ஒரு பெயர் கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். மேடையோ கல்யாணமோ, ஏதோ ஒரு கூட்டத்தில் எடுத்த படங்கள். திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால், அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். வழவழப்பான தாளாக இருந்து பென்சில் பிடிக்கவில்லை என்றால் தனித்தாளில் எழுதி அதே உறைக்குள் வையுங்கள். பேனா வேண்டாம். மை நாளாவட்டத்தில் ஊறி முகத்துக்கு வந்துவிடும்.